ரொம் கீற்றிங்: பெரியோர் பெயரில் வரைந்த ஏழை ஓவியர்

தென் லண்டனில் வாழும் எம்மவருக்கு ஃபொறெஸ்ற் ஹில் அறிமுகமான இடம். நோர்பரியிலிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தூரம். அங்கே 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி, வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்த ஒருவரின் மகனாக ரொம் கீற்றிங் பிறந்தார். அறுபது வயதை எட்டுவதற்கு முன்னரே பிரித்தானியாவின் ஓவியச் சந்தையைத் தலைகுனிய வைத்துவிட்டார். றெம்பிராண்ட், கோயா, கொன்ஸ்ரபிள், டெகா என நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்களின் பாணியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான படங்களை வரைந்து உலவவிட்டதாக அவர் உரிமை கோரினார். அவற்றுட் பெரும்பாலானவை எவையெவை என்ற பட்டியலை இறுதிவரை அவர் கொடுக்கவில்லை.

இத்தகைய மனிதரைச் சிலர் நாவலிற் சந்தித்திருப்பர். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் நீண்ட காலம் வாழ்ந்து 1995இல் சுவிற்சர்லாந்தில் மறைந்த பற்றீசியா ஹைஸ்மித், ரொம் றிப்ளி என்ற பாத்திரத்தைப் படைத்தார். இனிய பேச்சும் நல்ல இரசனையும் உடையவன் றிப்ளி. மனச்சாட்சி என்ற ஒன்று மட்டும் அவனிடம் இல்லை. 1970இல் வெளிவந்த இரண்டாவது றிப்ளி நாவலில், இறந்துபோன ஓவியர் ஒருவர் உயிருடன் இருப்பதாக நம்பவைத்து, அவர் பெயரில் இன்னொருவரைக் கொண்டு படம் வரைவித்து லண்டன் காட்சிக்கூடம் ஒன்றின் மூலம் விற்கிறார்கள். வர்ணம் ஒன்று மாறியிருப்பதை ஒரு வாடிக்கையாளர் கவனித்துவிட, கொலை நிகழ்கிறது. வரைந்து கொடுத்தவன் குற்றவுணர்வு தாளாது மாய்ந்துபோகிறான். றிப்ளியோ தன் தோட்டத்துக்கும் இசைக்கும் திரும்பிவிடுகிறான். அந்த நாவல் அச்சேறிய அதே 1970இல், கீற்றிங்கின் கைவண்ணத்தில் உருவான படங்கள் இங்கிலாந்தின் ஏலக்கூடங்களில் உண்மையாகவே விலைபோய்க்கொண்டிருந்தன. ஹைஸ்மித் இவரை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர் இரு பாத்திரங்களாகப் பிரித்து எழுதிய இருவரும், வருந்தி வரைபவனும் சிரித்துத் தப்புபவனும், கீற்றிங் என்ற ஒரே மனிதருக்குள் குடியிருந்தனர். அவரது வாழ்க்கையை எம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எமக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

வறுமையிற் பிறந்த பிள்ளைக்கு உயர்கல்வி வாய்க்கவில்லை. பதின்ம வயதிலேயே தகப்பனின் தொழிலுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையிற் பணிபுரிந்து, உடல்நலங் கெட்டு விடுவிக்கப்பட்டார். போர் முடிந்த பின்னர் முன்னாள் படையினருக்குக் கிடைத்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, நியூ குறொஸில் உள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்த குடும்பஸ்தர். தூரிகையைக் கையாளும் திறனுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. சொந்தக் கற்பனை போதாது என்று கூறிப் பட்டச் சான்றிதழை மறுத்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் நாமும் பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்தியவர்கள்தாம். ஆகவே அந்தத் தேர்வாளர்களை முற்றாகக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. கீற்றிங் தம் சொந்தப் பெயரில் வரைந்தவை சாதாரணமானவையே. ஆனால் ஒரு தொழிலாளியின் கைத்திறனைப் பாராட்டிக்கொண்டே அதற்குரிய சான்றிதழை மறுத்தபோது அவர் மனதில் விழுந்த வடு ஆறவில்லை. பிற்காலத்தில் தமது வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதனை நினைவுகூர்ந்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் கண்ட வழி, பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலை. அழுக்கேறிய பூச்சை அகற்றுவது, கிழிந்த துணியை ஒட்டுவது, உதிர்ந்த இடத்தை மூலத்துக்கு ஒப்ப நிரப்புவது ஆகிய மூன்றுமே அந்தத் தொழில். பகலில் இதைச் செய்துவிட்டு, வருமானம் போதாமல் வீடுகளுக்கு வர்ணமும் பூசினார். செப்பனிடுபவனுக்கு வாய்க்கும் கல்வி எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. பெரியதொரு ஓவியன் எந்த வர்ணத்தின் மேல் எதைப் பூசினான், எங்கே அவசரப்பட்டான், எங்கே தயங்கினான் என்பதெல்லாம் அவன் கண்முன் அடுக்கடுக்காக விரியும். கீற்றிங்கின் மனதைக் கவர்ந்தது வெனிஸ் நகரத்து ரிஷியனின் முறை. மெல்லிய வர்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு ஒளியை உள்ளிருந்து எழச்செய்யும் அந்த முறையைத் தாமே முயன்று கற்றுக்கொண்டார்.

அவர் வேலை செய்த இடமொன்றில் ஒருநாள், பிறர் வரைந்த படமொன்றைக் குறைகூறினார். அப்படியானால் நீரே வரைந்து காட்டும் என்று முதலாளி சவால்விட, வரைந்து காட்டினார். முதலில் அது வெறும் கைப்பயிற்சி. பின்னர் ஒருநாள், தாம் வரைந்து கொடுத்தவையே காட்சிக்கூடமொன்றில் மூல ஓவியரின் பெயருடன் விற்பனைக்கு நிற்பதைக் கண்டார். இது கீற்றிங் தாமே கூறிய கதை. அதனை மறுக்கவோ உறுதிப்படுத்தவோ இன்று எவரும் இல்லை. அவர் கூற்றுப்படி, வர்த்தகர்கள் தம்மைச் சுரண்டினார்கள் என்ற கோபம் அன்றுதான் உறுதிப்பட்டது. ஓவியர்கள் பட்டினியால் மடிய, அவர்கள் வரைந்ததை விற்றவர்கள் மாளிகை கட்டினார்கள். விமர்சகர்களும் வர்த்தகர்களும் கூடிப் புதுமோகத்தைத் தூண்டி, அறியாத சேகரிப்பாளரை ஏமாற்றினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இந்த அமைப்பை உள்ளிருந்தே குலைப்பதற்காகப் போலிகளை வரைந்ததாகச் சொன்னார்.

அந்தப் போலிகளுக்கு அவர் இட்ட பெயர் செக்ஸ்ரன் பிளேக். இது ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் புகழ்பெற்ற கதாநாயகனின் பெயர். கிழக்கு லண்டன் உழைப்பாளர் மத்தியில், ஒரு சொல்லுக்குப் பதிலாக அதனோடு ஓசை ஒத்த வேறொரு சொற்றொடரை வழங்கும் வேடிக்கைப் பேச்சு உண்டு. போலி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பிளேக் என்பதும் ஓசையில் ஒத்தவை. துப்பறிபவன் பெயராலேயே குற்றத்தை அழைப்பதில் அவருக்கொரு குறும்பு.

அவரது தொழில்முறை எமக்கு மிகவும் சுவையாக இருக்கிறது. கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தின் பட்டியல் இலக்கம் ஒட்டியபடி இருக்கும் பழைய சட்டங்களை வாங்குவார். பின்னர் அந்நிறுவனத்துக்கே தொலைபேசியில் அழைத்து, இந்த இலக்கத்தில் எவரது படம் விற்கப்பட்டது என்று விசாரிப்பார். பதில் கிடைத்ததும் அந்த ஓவியரின் பாணியில் ஒன்றை வரைந்து அதே சட்டத்திற் பொருத்திவிடுவார். சட்டம் மெய், இலக்கம் மெய், ஏலப் பதிவேடும் மெய். நடுவில் இருந்த படம் மட்டும் பொய்.

றெம்பிராண்டுக்காகக் கொட்டைகளைப் பத்து மணி நேரம் வேகவைத்து, பட்டுத்துணியால் வடிகட்டி ஒருவகைப் பழுப்பு வர்ணம் செய்தார். அது காலப்போக்கில் மங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். உண்மையான மண் வர்ணமோ மங்காது. சில படங்களில் ஓவியத்தின் அடியில் ஈயவெள்ளையால் ஏதேனும் எழுதிவைப்பார். எக்ஸ் கதிரில் அந்த எழுத்துத் தோன்றும். வேறு சிலவற்றில் வர்ணத்துக்குக் கீழே கிளிசறின் படலம் இடுவார். வருங்காலத்தில் ஒருவர் அப்படத்தைச் சுத்தம் செய்ய முற்பட்டால் கிளிசறின் கரைந்து, மேலிருந்த ஓவியம் சிதைந்துவிடும். அந்தக் காலத்தில் இல்லாத பொருட்களை வேண்டுமென்றே சேர்ப்பதும் உண்டு. இவற்றை அவர் தாம் புதைத்த வெடிகுண்டுகளாகக் கருதினார். கவனமாகப் பார்ப்பவன் எவனும் ஏமாறமாட்டான். ஏமாறுபவன் பேராசையால்தான் ஏமாறுகிறான் என்பது அவர் வாதம். வாதம் அழகானதுதான். எனினும் முப்பது வருடங்களின் பின் சேமிப்பைக் கொட்டி அப்படத்தை வாங்கி, நல்ல எண்ணத்துடன் சுத்தம் செய்யக் கொடுக்கும் ஒரு சாதாரண மனிதனை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மூலத்தைப் பார்த்து அப்படியே செய்வது தன்னளவிற் குற்றமா என்ற கேள்வி தமிழராகிய எமக்குப் புதியதன்று. எமது ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே அளவில், ஒரே இலட்சணத்தில் திருவுருவங்களை வார்த்து வந்தார்கள். எவரும் தம் பெயரைப் பொறிப்பதில்லை. சொந்தக் கற்பனை போதாது என்று அவர்களிடம் எவரும் குறை கண்டதுமில்லை. குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் ஓர் உதாரணம். அங்கே 1951இல் நிலத்திலிருந்து கண்டெடுக்கப்பட்ட சோழர் கால நடராஜர் திருவுருவம், 1954இல் பழுதுபார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது அதன் பிரதி. ஊரார் அதனை வணங்கிவந்தார்கள். கோயிலில் இருப்பது போலி என்பதை 1965இல் வெளிவந்த தமது நூலில் எழுதியவர், லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பறெற். மூல விக்கிரகத்தை 1973இல் அமெரிக்கச் செல்வந்தர் நோர்ட்டன் சைமன் ஒன்பது இலட்சம் டொலருக்கு வாங்கியிருந்தார். நெடிய வழக்குக்குப் பின் 1986இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. பிரதியை வார்த்த கை அழகாகவே வார்த்தது. அதை மூலத்தின் இடத்தில் வைத்து, மூலத்தை விலைபேசிய செயலே களவு. செப்பனிடும் மேசையிலேயே இந்தக் களவு பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கீற்றிங்கின் கதையும் அத்தகைய மேசையிலேயே தொடங்கியது.

அவரை வீழ்த்தியது சாமுவேல் பால்மரின் பெயர். 1805இல் தென் லண்டனிற் பிறந்த பால்மர், 1820களின் பிற்பகுதியிலும் 1830களின் முற்பகுதியிலும் கென்ற் மாகாணத்தின் ஷோர்ஹாம் கிராமத்தில் வாழ்ந்தார். நோர்பரியிலிருந்து பதினைந்து மைலுக்குட்பட்ட அந்தக் கிராமத்தில், நிலவொளியில் உறங்கும் கதிர்வயல்களையும் வைக்கோற்பட்டறைகளையும் சிறிய தாள்களில் கனவுபோல் தீட்டினார். அவர் வாழ்ந்த காலத்தில் அவற்றை எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1881இல் அவர் இறந்தார். 1909இல் அவருடைய மகன், தகப்பனாரின் குறிப்பேடுகளையும் சித்திரங்களையும் பெருந்தொகையாகத் தீயிட்டு அழித்துவிட்டார். 1926இல் விக்ரோறியா அல்பேர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியின் பின்னரே பால்மரின் புகழ் எழுந்தது. போலி செய்பவனுக்கு இதைவிட வசதியான ஓவியர் கிடைப்பாரா? விலை உயர்ந்தது, பதிவேடுகள் சாம்பலாகிவிட்டன, எரிந்தவற்றுள் என்னென்ன இருந்தன என்று எவராலும் சொல்ல இயலாது. புதிதாக ஒன்று வெளிவந்தால், தீயிலிருந்து தப்பியது என்று மகிழ்ந்து வரவேற்கவே எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள்.

1960களில் கீற்றிங் தம்மைவிட மிக இளையவரான ஒரு பெண்ணுடன் வாழத் தொடங்கி, சஃபொக் மாகாணத்தில் அவருடன் சேர்ந்து செப்பனிடும் தொழில் நடத்தினார். பால்மரின் ஆவி தம் கையைப் பிடித்து வழிநடத்தியதாகப் பின்னாளில் அவர் சொல்லிக்கொண்ட படங்கள் அக்காலத்தில் பிறந்தவை. அப்பெண் அவற்றைக் குடும்பச் சொத்தாகத் தமக்கு வந்தவை என்று கூறி விற்பனைக்குக் கொண்டுசென்றார். 1970 முதலாகச் சந்தைக்கு வந்த பால்மர் படங்கள் பதின்மூன்று. எல்லாமே ஷோர்ஹாம் காட்சிகள். அவற்றுள் ஒன்று ஒன்பதாயிரம் பவுணுக்கு மேல் விலைபோனது. ஒரு குடும்பத்திடம் எவ்வாறு இத்தனை வந்து சேர்ந்தன என்று அழுத்திக் கேட்டவர் அப்போது மிகச் சிலரே.

எம்மவர் இதைப் படிக்கும்போது வேறொன்றை எண்ணாமல் இருக்க முடியாது. நோர்பரியிலிருந்து புகையிரதத்தில் மூன்று நிறுத்தம் சென்றால் கிழக்குக் குறொய்டன். அங்கே லூனர் ஹவுஸ். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விதானையாரின் கடிதம், மரண அத்தாட்சி என எத்தனை தாள்களை எம்மக்கள் அந்தக் கட்டடத்துக்குச் சுமந்திருக்கிறார்கள். தன்வீர் அஹமட் என்பவரின் வழக்கில், ஆவணம் நம்பத்தக்கது என்று காட்டவேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையதே என 2002இல் குடிவரவு மேன்முறையீட்டு நியாயமன்றம் தீர்ப்பளித்தது. எரிந்த ஊரிலிருந்து வந்தவரிடம் எரியாத தாள் கேட்கப்படும். அதைக் கொடுத்தாலும் எவ்வாறு எரியாமல் தப்பியது என்று மறுபடியும் கேட்கப்படும். பால்மரின் எரிந்துபோன சேகரத்திலிருந்து தப்பியவையாக எண்ணப்பட்ட பதின்மூன்று படங்களுக்கோ நல்ல குடும்பத்துப் பேச்சே போதுமானதாக இருந்தது. ஒரு பொருளை எல்லோரும் விரும்பும்போது அதன் தாளை எவரும் கூர்ந்து படிப்பதில்லை.

கூர்ந்து படித்தவர் ஒரு பெண் பத்திரிகையாளர். த ரைம்ஸ் நாளிதழில் ஏலச் சந்தை பற்றி எழுதிவந்த ஜெரால்டீன் நோர்மன், பதின்மூன்று படங்களையும் தொடர்ந்து சென்று ஆராய்ந்தார். பால்மரை நன்கறிந்த கவிஞர் ஜெஃப்றி கிறிக்சன் உள்ளிட்டோரின் கருத்தையும் பெற்று, 1976 ஜூலையில் அவை போலிகள் என்று எழுதினார். எவர் வரைந்தார் என்ற தேடல் அடுத்த மாதம் கீற்றிங்கிடம் சென்று முடிந்தது. அவர் மறுக்கவில்லை. தாமே அப்பத்திரிகைக்கு எழுதி ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து நரைத்த தாடியுடனும் கையில் சிகரெற்றுடனும் சிரிக்கும் அம்முதியவரை ஆங்கில மக்கள் வீட்டுப் பெரியவர்போல நேசிக்கத் தொடங்கினர். அவரை வெளிப்படுத்திய நோர்மனும் அவர் கணவர் ஃபிராங்க் நோர்மனும் சேர்ந்து, 1977இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக்க உதவினார்கள். பிடித்தவரே பிடிபட்டவரின் கதையை எழுத உதவியது பத்திரிகைத் துறையில் அரிய நிகழ்ச்சி.

அதே ஆண்டு பொலிஸார் இருவரையும் கைதுசெய்தனர். 1979இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எவரையும் ஏமாற்றும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை, பேராசான்களின் ஆவிக்குக் கீழ்ப்படிந்தே வரைந்தேன் என்று கீற்றிங் குற்றத்தை மறுத்தார். சாட்சிக் கூண்டில் அவர் பேசப் பேச நீதிமன்றில் சிரிப்பொலி எழுந்தது. இடையில் அவர் உடல்நிலை மோசமாகியது. மோட்டார் சைக்கிள் விபத்து, நெஞ்சுச்சளி, இருதயக் கோளாறு, பல்லாண்டுகளாகச் சுவாசித்த ரேப்பன்ரைன், அமோனியா ஆவிகள், ஓயாத புகைபிடித்தல் எல்லாம் சேர்ந்து அவரைப் படுக்கையிற் கிடத்தின. பிழைக்கமாட்டார் என்று கருதி அரச தரப்பு வழக்கைக் கைவிட்டது. அதன் பின்னர் அவர் தேறிவிட்டார்.

அவருடன் வாழ்ந்த பெண்ணின் கதை வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. படங்களை வரைந்தவர் குற்றவாளி என்று தீர்க்கப்படாமலே போனார். கொண்டுசென்று விற்ற இளம்பெண் குற்றவாளியானார். கீற்றிங்கைப் பற்றிப் பின்னர் எழுதப்பட்ட புகழுரைகள் பலவற்றில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. ஏழைகளின் பக்கம் நின்று பணக்கார வர்த்தகரை எள்ளிநகையாடிய வீரராகக் கீற்றிங்கைப் பலர் வரைந்திருக்கிறார்கள். அவர் உள்ளத்தில் நேர்மையான கோபம் இருந்ததை நாமும் ஏற்கிறோம். ஆனால் அந்தக் கோபத்தின் சட்டப்பூர்வமான விலையைச் செலுத்தியவர் அவரல்லர்.

கடைசி ஆண்டுகள் கீற்றிங்குக்கு இனிமையாகவே கழிந்தன. புதிதாகத் தொடங்கிய சனல் 4 தொலைக்காட்சி 1982இல் அவரை வைத்து ஓவியர்களைப் பற்றிய தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. ரிஷியனும் றெம்பிராண்டும் எவ்வாறு வர்ணம் இட்டார்கள் என்பதை அவர் தூரிகை பிடித்துச் செய்துகாட்டினார். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி பட்டம் தர மறுத்தவர், வீட்டு வரவேற்பறைகளில் இருந்த பெருந்தொகையினருக்கு ஆசிரியரானார். எமது கருத்தில் அவர் வாழ்வில் செய்த மிகச் சிறந்த வேலை அதுவே. அங்கே அவர் எவர் பெயரையும் களவாடவில்லை. இது றெம்பிராண்டின் முறை என்று சொல்லியே செய்தார்.

கொன்ஸ்ரபிள் வரைந்த ஆற்றோரங்களை அடுத்துள்ள எசெக்ஸ் மாகாணத்து டெடம் கிராமத்தில் அவர் குடியிருந்தார். 1984 பெப்ரவரி 12ஆந் திகதி, தமது 66ஆவது வயதில், கொல்செஸ்ரரில் காலமானார். டெடம் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில், எந்த நிறுவனத்தின் பழைய பட்டியல் இலக்கங்களை அவர் பயன்படுத்தினாரோ அந்தக் கிறிஸ்ரீஸ் நிறுவனமே அவருடைய 204 படங்களை ஏலத்தில் விற்றது. இம்முறை அவை கீற்றிங்கின் பெயரிலேயே விற்கப்பட்டன, வாங்குவோர் போட்டியிட்டனர். விலை ஏற ஏற, அவர் கையெழுத்தைப் போலியாக இட்ட படங்களும் பின்னர் சந்தையில் தலைகாட்டத் தொடங்கின. இன்று ஒரு கீற்றிங் போலியை வாங்க விரும்புபவர், அது கீற்றிங்கே செய்த போலிதானா என்பதற்குத் தாள் கேட்க வேண்டியிருக்கிறது.